ஓர் உருபும் மூன்று சொற்களும்

ஆங்கிலத்தில் நாம் இடறி விழுவது பெரும்பாலும் சிறு சொற்களில்தான். தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே வரும். ஆங்கிலத்தில் அவ்வேலையைச் செய்யும் முன்னிடைச்சொல்லோ பெயருக்கு முன்னே நிற்கும்.

நன்னூல் இடப்பொருளுக்கு 28 உருபுகளைக் கூறுகிறது. எனினும் அன்றாடப் பேச்சில் ‘இல்’ ஒன்றே பல இடங்களுக்கும் போதுமானதாகிவிட்டது. ‘ஆவடியில் குடியிருக்கிறேன்’, ‘வண்டி ஆவடியில் நிற்கும்’, ‘வண்டியில் இருக்கிறேன்’ - மூன்றிலும் அதே ‘இல்’. ஆங்கிலமோ, ஊரை வாழும் பரப்பாகக் கொண்டால் ‘இன் ஆவடி’ என்னும். வழியிலுள்ள ஒரு புள்ளியாகக் கொண்டால் ‘அட் ஆவடி’ என்னும். ஏறிச் செல்லும் ரயிலுக்கு ‘ஆன் த டிரெயின்’ என்னும்.

காலத்திற்கும் இம்மூன்றே: மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’, மாதத்திற்கும் ஆண்டிற்கும் ‘இன்’.

நேர்முகத் தேர்வில், ‘அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்’ என்பதற்குப் பலர் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்கின்றனர். அது பிழை. கால அளவிற்கு ‘ஃபார் டூ இயர்ஸ்’. தொடங்கிய ஆண்டிற்கே ‘சின்ஸ் 2023’.

தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். பரப்பா, புள்ளியா, அளவா, தொடக்கமா என்று முதலில் எண்ணுங்கள். சொல் தானே வரும். திறமையிருந்தும் ஒரு சிறு சொல்லால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை.