பிறர் பாட்டைப் பாடும் முறை

பாட்டுக்குச் சொல் உடல்; இசை உயிர். சொல்லை ஏடு காக்கும். இசையையோ பாடும் மிடறே காக்கும். தேவாரத் திருப்பதிகங்கள் தில்லையில் ஏடுகளாய்க் கிடைத்த பின்னரும் பண்முறை விளங்காமையால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறுதலை உபாத்தியாயர்கள் அறிவர். ஏடு காத்தது பாதி. மிடறு காத்தது மீதி.

நம் மலைநாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். சொற்கள் பிழைத்தன. ஆயின் அவற்றின் மெட்டை அந்நூல் கொண்டு மாத்திரம் அறிதல் கூடுமோ? கூடாதன்றே.

அக்குறையை நீக்குங் கருவி இக்காலத்து அக்கரப்பத்தனைத் தோட்ட லயங்களிலும் உளது. மாணாக்கர் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பிறர் பாட்டுக்களைப் பாடிப் பதிவுசெய்கின்றனர். இதனை வீண்விளையாட்டென்று தள்ளுதல் தகாது. அமெரிக்காவில் வாழும் ராஜன் சோமசுந்தரம் என்பார் புறநானூற்று 192ஆம் பாட்டுக்கு இசையமைக்க, அது 2019இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டிற்குரிய பாடலாயிற்று. 2020இல் சங்கச் செய்யுட்கள் சிலவற்றை டர்ஹாம் சிம்பொனி இசைக்குழுவினருடன் சேர்ந்து ‘சந்தம்’ என்னும் இசைத்தொகுப்பாக அவர் வெளியிட்டார். பரீட்சைக்கு உரை எழுதுதற்கே உரியதெனப் பலர் எண்ணியிருந்த அகவல், இவ்வாறு செவிக்கு விருந்தாயிற்று.

ஆகவே, மாணாக்கர்க்கு நாம் பயிற்றத்தக்க விதிகள் நான்கு.

முதலாவது, பொருளுணர்ந்து பாடுதல். ‘கல்லாதவன்’ என்னுஞ் சொல்லைத் தாளத்தின்பொருட்டுக் ‘கல்’ என நிறுத்தி ‘ஆதவன்’ எனத் தொடங்கின், கல்வியில்லாதவன் சூரியனாய் விடுவான். பாடுமுன் பாட்டைச் சொற்பிரித்து வாசித்து, கருத்தைத் தன் வாக்கியத்தாற் சொல்லுமாறு மாணாக்கனைக் கேட்க.

இரண்டாவது, மெட்டைச் சொல்லுக்கு அடக்குதல். குறிலை அளவின்றி நீட்டின் ‘பல்’ ‘பால்’ ஆகும். ‘கல்’ ‘கால்’ ஆகும். நீட்டவேண்டின் நெடிலில் நீட்டுக.

மூன்றாவது, உரியவர் பெயரை மறையாமை. பாரதிதாசனார் பாட்டொன்றைத் தேஷ் இராகத்தில் அமைத்தவர் தண்டபாணி தேசிகர். அதனை இன்று பாடுவோர் எண்ணிறந்தோர். அவ்விருவரையுஞ் சொல்லிப் பாடுவோர் சிலரே. மிஷன் பாடசாலையில் நாம் பயின்ற ஞானப்பாட்டுப் புத்தகத்தில் இயற்றியோர் பெயரும் இராகத்தின் பெயரும் பாட்டோடு சேர அச்சிடப்பட்டிருக்கும். நல்வழக்கம் எங்கிருப்பினுங் கொள்ளத்தக்கதே.

நான்காவது, தன் பாட்டைத் தானே கேட்டல். தகரக்கூரையில் மழையொலி ஓய்ந்த வேளையிற் பாடிப் பதிக. பின்னர் மூலத்தைக் கையில் வைத்துக் கேட்டு, வழுவிய இடங்களைக் குறித்து, மீண்டும் பாடுக. ஆசிரியர் திருத்துமுன் மாணாக்கன் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுதற்கு இதனிற் சிறந்த கருவி நாம் அறிந்தவரையில் வேறில்லை.

முதற் பயிற்சியாக, ஒவ்வொரு மாணாக்கனும் தன் பாட்டியாரிடம் அனுமதி பெற்று அவர் பாடுந் தாலாட்டு ஒன்றைப் பதிவுசெய்து வருக. பாட்டியாரின் சொல்லையும் மெட்டையுந் திருத்தப் புகுதல் ஆகாது. அதனைப் பலகாற் கேட்ட பின்பு தன் குரலிலும் பாடிப் பதிக. இரண்டையும் வகுப்பிலே கேட்பித்து, எது மாறிற்று, ஏன் மாறிற்று என ஆராய்க. பிறர் பாட்டைத் தனதாக்கிப் பாடுதலென்பது யாதென அப்பொழுது பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.

இப்பயிற்சியை அடுத்த தவணைக்கு ஒத்திவைத்தல் நன்றன்று. கொழுந்து பறித்த கைகளோடு தொட்டிலாட்டிய அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர் மிடறு ஓய்ந்தபின் அம்மெட்டைத் தேடுதற்கு வேறு ஏடு இல்லை. லயம் என்பது இசைநூலார்க்குக் கால ஒழுங்கு. நம்மவர்க்குக் குடியிருக்கும் வீடு. இவ்விரண்டினையும் ஒருங்கு காக்க உபாத்தியாயர்கள் இம்மாதமே முயல்வார்களாக.