அம்பாசிடருக்கு மூக்கைத் தூக்குவது எப்படி

ஹாட் ராட், அதாவது பழைய காரைப் பிரித்து வேகமாக்கிய வண்டி; அதை மாடலாகச் செய்வதென்றால் எல்லோரும் 1932 ஃபோர்டைத்தான் எடுப்பார்கள். அதன் பிளாஸ்டிக் கிட் விழுப்புரம் கடைகளில் கண்ணில் படாது. வெளியிலிருந்து வரவழைத்தால் கையைக் கடிக்கும். நமக்கு எதற்கு அந்த வம்பு? பொம்மைக் கடையில் தொங்குகிற, பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசிடரே போதும். அதை ஒரு டிராக் காராக மாற்றுவோம்.

அம்பாசிடரா, ரேஸா என்று சிரிக்காதீர்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. தனி ரேஸ் கார்களோடு, வீட்டுக் கார்களைப் பிரித்து மேய்ந்து வேகமாக்கிக் கொண்டுவந்தவர்களும் அங்கே ஓட்டினார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. ஓடுதளத்தில் பழைய காரை விரட்டுவது நம் பக்கத்துப் பழக்கம்தான்.

டிராக் பந்தயம் என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்க்கோட்டு ஓட்டம். அதில் பல ரகக் கார்கள் உண்டு. அம்பாசிடரின் குண்டு உடம்புக்குப் பொருந்துவது 1960களில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த ‘கேஸர்’ ரகம். 1941 வில்லிஸ் போன்ற பழைய கார்களை எடுத்து, முன்பக்கம் லாரிக்குப் போடுவதுபோல் நேரான அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் மாட்டி, மூக்கைத் தூக்கி நிறுத்துவார்கள். புறப்படும் நொடியில் எடை பின்சக்கரத்துக்குப் போய் டயர் தரையைக் கவ்வ வேண்டும் என்பதற்காக.

மாடலில் எல்லாமே அந்த நிற்கும் வாகில்தான் இருக்கிறது. பெயின்ட் கண்ணாடிபோல் மின்னினாலும், வாகு தப்பினால் பொம்மை பொம்மையாகத்தான் தெரியும். வாகு சரியாக அமைந்துவிட்டால் பெயின்ட் அடிக்காத நிலையிலேயே கார் உறுமும். அதனால் வாகு முடியும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

முதல் வேலை, அளவு. பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவை நம்பாதீர்கள். நிஜ அம்பாசிடரின் முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2464 மி.மீ. பொம்மையில் அதே தூரத்தை ஸ்கேலால் அளந்து, 2464ஐ அதால் வகுங்கள். 70 மி.மீ. என்று வந்தால் உங்கள் கார் ஏறக்குறைய 1:35. ராணுவ டாங்கி மாடல் செய்கிறவர்களின் அளவு அது. ஓட்டுநர் பொம்மை தேவைப்பட்டால் அங்கே தேடலாம். இனி எந்த நிஜ அளவையும் 35ஆல் வகுத்தால் போதும். கீழே சொல்லும் மில்லிமீட்டர்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான். உங்கள் பொம்மை வேறு அளவென்றால் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிரிப்பது. அடியில் உள்ள ஸ்க்ரூக்களுக்கு மொபைல் ரிப்பேர் கடைகளில் வைத்திருக்கும் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். பின் அச்சில் இருக்கும் ஸ்பிரிங் பெட்டியைக் கழற்றி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், அதற்கு இனி வேலையில்லை. கண்ணாடிகளை ஒரு கவரில் பத்திரப்படுத்துங்கள். உடம்பைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவிக் காயவையுங்கள்.

டயர்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் இடம். டிராக் காரின் பின் டயரில் கோடுகளே இருக்காது, மொழுமொழுவென்று இருக்கும். விட்டம் 30 அங்குலம், அகலம் 10 அங்குலம் என்று வைத்தால் நமக்கு 22 மி.மீ., 7 மி.மீ. இதைக் கடையில் தேட வேண்டாம். ஹார்டுவேர் கடையில் இரும்பு நாற்காலிக் காலுக்கு மாட்டும் ரப்பர் புஷ் பல அளவுகளில் கிடைக்கும். ஸ்கேலோடு போய் வெளிவிட்டம் 22 வருவதைப் பொறுக்குங்கள். புதிய பிளேடால் 7 மி.மீ. வட்டமாக அறுக்க வேண்டும். பிளேடை சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பரில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இல்லையென்றால் பிடித்து இழுத்து வெட்டு கோணலாகும். அறுத்த முகத்தை 220 நம்பர் உப்புத்தாளில் வட்டமாகத் தேயுங்கள். தேய்த்தபின் வரும் மங்கலான கருப்புதான் நிஜ ரேஸ் டயரின் நிறம், அதற்குமேல் எதுவும் பூச வேண்டாம்.

முன் டயர் இதற்கு நேரெதிர்: 18 மி.மீ. விட்டம், 4 மி.மீ.க்கு மேல் அகலம் போகக் கூடாது. பொம்மையோடு வந்த டயரையே தேய்த்து ஒல்லியாக்கலாம். ரிம்முக்கு டிராயிங் பின் தலை. பழைய ஹாட் ராட்களில் சக்கரத்தை முழுதாக மூடும் வழுவழுப்பான அலுமினியத் தட்டு, மூன் டிஸ்க், அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். முள்ளை நறுக்கிவிட்டு ஒட்டினால் வேலை முடிந்தது.

அச்சுக்கு சைக்கிள் கடை ஸ்போக். 2 மி.மீ. தடிமன், வளையாத கம்பி. அது உள்ளே சுற்றும்படி பேனா ரீஃபில் ஒன்று வேண்டும். ஸ்போக்கையே கையில் எடுத்துப்போய் ஸ்டேஷனரி கடையில் நுழைத்துப் பாருங்கள், ரீஃபிலுக்கு ரீஃபில் துளை மாறும். மையைத் தின்னரில் கழுவிய ரீஃபில் துண்டுதான் முன்னால் நேராகத் தெரியப்போகும் அச்சுக்குழாய். பட்டை ஸ்பிரிங்குக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு: 0.76 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி, நீளம் குறைந்துகொண்டே போகும்படி மூன்றை அடுக்கி ஃபெவிக்விக் வைத்து, வெந்நீரில் முக்கி லேசாக வளையுங்கள்.

இப்போது வாகு. காரைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்து, உடம்புக்கும் முன் அச்சுக்கும் நடுவே தீக்குச்சிகளைச் செருகுங்கள். ஒரு குச்சி சுமார் 2 மி.மீ. இரண்டு குச்சி உயரம், 4 மி.மீ., நிஜத்தில் 14 செ.மீ. தூக்கியதற்குச் சமம். அதற்குமேல் போனால் கேலிச்சித்திரமாகிவிடும். அமெரிக்கப் பந்தய விதியும் கேஸர்களை இஷ்டத்துக்குத் தூக்க விடவில்லை: கிராங்க் ஷாஃப்ட்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது; நமக்கு 17 மி.மீ. கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். போனைத் தரையோடு வைத்து, தள்ளி நின்று, ஜூம் செய்து பக்கவாட்டில் படமெடுங்கள். கிட்டே வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும்.

பின்சக்கர வளைவு அம்பாசிடரில் தாழ்வாக இறங்கி டயரின் தலையை மறைக்கும். காம்பஸால் 24 மி.மீ. வட்டம் வரைந்து, சுற்றிலும் துளைபோட்டு, அரைவட்ட அரத்தால் தேய்த்துத் திறந்துவிடுங்கள். டயரின் மையமும் வளைவின் மையமும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். அரை மி.மீ. விலகினாலும் கண்ணை உறுத்தும். வாகு மனதுக்குப் பிடித்தபின்தான் தீக்குச்சியை எடுத்துவிட்டு அந்த உயரத்துக்கு ஸ்பிரிங்கை ஒட்டுவது.

எஞ்சின் விஷயத்தில் பேராசை வேண்டாம். பானெட்டுக்கு வெளியே தலைகாட்டுவதை மட்டும் செய்தால் போதும். நிஜ அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினை நாம் எடுத்துவிட்டோம் என்று கதை. உள்ளே வி-8, அதன்மேல் 6-71 சூப்பர்சார்ஜர். ஜெனரல் மோட்டார்ஸின் டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினில் இருந்த காற்றூதியைக் கழற்றித்தான் ரேஸ்காரர்கள் இதைப் பொருத்தினார்கள். சிலிண்டர் ஆறு, ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதுதான் அந்தப் பெயர். ஆக, இந்த அலட்டலான சாமான் பிறந்தது லாரி, பஸ் பட்டறையில். திண்டிவனம் மேம்பாலத்தடியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் தோன்றலாம்.

ஏடிஎம் கார்டுத் துண்டுகளை அடுக்கி 11 மி.மீ. நீளம், 6 அகலம், 7 உயரத்தில் ஒரு கட்டி செய்து மேல் விளிம்புகளை உருட்டுங்கள். அதன்மேல் தையல் நூலை 1 மி.மீ. இடைவெளியில் ஒட்டினால் வார்ப்பு வரிகள் வந்துவிடும். முன்பக்க பெல்ட்டுக்குக் கருப்பு இன்சுலேஷன் டேப், 2 மி.மீ. கீற்று. புகைக்குழாய்க்கு சால்டரிங் ஈயம், பக்கத்துக்கு நாலு. வளைத்தால் வளைத்தபடி நிற்கும், உடையாது. அவற்றை முன்சக்கர வளைவு வழியாக வெளியே விடுங்கள், கேஸரில் அப்படித்தான். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

உடம்பில் உள்ள பள்ளம், வெட்டின் பிசிறு எல்லாவற்றுக்கும் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் நொடியில் கல்லாகும். ஆனால் அன்றே தேய்த்துவிடுங்கள்; நாள் போனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட அது கெட்டியாகி, தேய்க்கும்போது பிளாஸ்டிக் பள்ளமாகும், அது மேடாகவே நிற்கும். மெல்லிய கீறலுக்கு டிங்கரிங் பட்டறையில் பார்க்கும் பட்டியே போதும். பிறகு 400, 800 நம்பர் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு.

பெயின்ட்டுக்கு நாள் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரம் பெயின்ட்டுக்குள் இறங்கி வெள்ளையாகப் பூத்துப்போகும். திண்டிவனத்துக்கு மரக்காணம் பக்கத்துக் கடற்காற்று வேறு. சித்திரை மதிய வெயிலில் அதற்கு நேர்மாறு: துளி காற்றிலேயே காய்ந்து, உடம்பில் மணலாக ஒட்டும். தை முதல் பங்குனி வரை, பனி விலகிய பிறகு காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் நல்ல நேரம். முதலில் கூரையின் உட்புறம் ஒரு சொட்டு அடித்துப் பாருங்கள். கார் பெயின்ட்டில் உள்ள தின்னர் சில பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தாங்கினால் சாம்பல் பிரைமர், அதன்மேல் நிறம். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக நாலைந்து முறை. ஒரே தடவையில் மூடப் பார்த்தால் அம்பாசிடரின் கதவுக்கோடுகள் அடைத்துக்கொள்ளும். மாடியில், முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

கண்ணாடிக்குப் பதில் நிற பிளாஸ்டிக் வைப்பதும் அந்தக் காலத்து ரேஸ்காரர்களின் வழக்கம், எடை குறையும் என்று. ஆரஞ்சு அல்லது நீல நிற எல்-ஃபோல்டரை வெட்டி உள்ளிருந்து ஒட்டுங்கள். பக்கக் கண்ணாடியில் பந்தயப் பிரிவின் எண்ணை வெள்ளை ஷூ பாலிஷால் கிறுக்குவார்கள். நமக்கு கரெக்ஷன் பேனா.

கதவில் பெயர் எழுதாமல் கேஸர் முழுமையாகாது. ஸ்டோன்-வுட்ஸ்-குக் குழுவின் வில்லிஸ் ‘ஸ்விண்ட்லர்’ என்ற பெயரோடு ஓடியது; தமிழில் சொன்னால் ‘எத்தன்’. நம் ஊர் லாரிக்கும் ஆட்டோவுக்கும் பெயர் எழுதும் கலைஞர்களுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை, நிழல் விழும் எழுத்து அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் 5 மி.மீ. உயரத்தில் எழுத அவர்களுக்கும் தூரிகை கிடையாது. அதனால் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் வெட்டித் தரச் சொல்லுங்கள். சுழி நிறைந்த எழுத்துகள் அந்த அளவில் பிய்ந்துவிடும். ‘எத்தன்’ என்பதைவிட ‘படபட’ சுத்தமாக வரும்.

காரை நிறுத்த ஒரு மேடை. அமெரிக்காவின் ஹாட் ராட்காரர்கள் 1949 முதல் போனவில் உப்புத் தரையில் வேகம் பார்க்கிறார்கள். நமக்கு மரக்காண உப்பளம் இருக்கிறது. ஆசைப்பட்டு நிஜ உப்பைத் தூவினால் முதல் மழைக்காற்றுக்கே கசிந்து ஸ்போக்கைத் துருப்பிடிக்க வைக்கும். பலகையில் ஃபெவிகால் தடவி வெள்ளைக் கல் கோலமாவைச் சலித்துத் தூவுங்கள், அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரும். ஈரமாக இருக்கும்போதே பின் டயரால் இரண்டு தடம் அழுத்தி, டயரை உடனே துடைத்துவிடுங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் வைப்பதானால் ஒட்டிய அன்றே மூட வேண்டாம். ஃபெவிக்விக் ஆவி உள்ளேயே தங்கி ஜன்னல்களில் வெள்ளைப் படலமாகப் படியும். இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள்.