கரி ஏற்றிய ஊர்

பிரிட்டனின் ஒரு பகுதி வேல்ஸ் நாடு. அதன் தலைநகரம் கார்டிஃப். இது ஒரு கடலோர நகரம். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரப் பயணம். பல நாட்டுப் பயணிகள் இந்த ஊரைப் பார்க்க வருகிறார்கள்.

ஊரில் எங்கு பார்த்தாலும் பலகைகளில் இரண்டு மொழிகள் இருக்கும். ஒன்று ஆங்கிலம். மற்றொன்று வெல்ஷ். அது அந்த நாட்டு மக்களின் பழைய மொழி. சாலையில் 'அராவ்' என்று எழுதியிருப்பார்கள். 'மெதுவாகப் போ' என்பது அதன் பொருள்.

ஊரின் நடுவில் பழைய கோட்டை இருக்கிறது. அதன் அருகே பெரிய விளையாட்டு அரங்கம். அதில் 70,000 பேருக்கு மேல் உட்காரலாம். ரக்பி ஆட்டம் நடக்கும் நாளில் ஊரே திருவிழாப் போல இருக்கும்.

பயணிகள் அடுத்துப் பார்ப்பது துறைமுகப் பகுதி. இந்த ஊரை வளர்த்தது இதுதான்.

வடக்கே மலைப் பள்ளத்தாக்குகளில் நிலக்கரி கிடைத்தது. தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்கி அதை வெட்டினார்கள். ரயிலில் கரி துறைமுகத்துக்கு வந்தது. 1913-ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் கரி கப்பலில் ஏறியது. சோமாலியா, ஏமன், நார்வே ஆகிய நாடுகளின் மாலுமிகள் இங்கே வந்து குடியேறினார்கள்.

பிறகு கப்பல்கள் எண்ணெயில் ஓடத் தொடங்கின. கரிக்கு மதிப்புக் குறைந்தது. 1964-இல் கரி ஏற்றுமதி நின்றது. பலர் வேலை இழந்தனர். துறைமுகம் களை இழந்தது. கடல் நீர் வடியும்போது வெறும் சேறுதான் தெரிந்தது.

அங்கே ஓர் அணை கட்ட அரசு முடிவு செய்தது. எல்லோரும் இதை ஏற்கவில்லை. "நிலத்தடி நீர் உயர்ந்து வீட்டுக்குள் வருமோ?" என்று தாழ்வான பகுதி மக்கள் பயந்தார்கள். சேற்றில் இரை தேடும் பறவைகள் என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்கள்.

1999-இல் அணை கட்டி முடிந்தது. அதன் நீளம் சுமார் 1 கிலோமீட்டர். இரண்டு ஆறுகளின் நீர் தேங்கி, பெரிய ஏரி உண்டானது. மீன்கள் ஆற்றுக்கு ஏறிச் செல்லத் தனி வழி அமைத்தார்கள். ஆனால் பறவைகள் தங்கள் சேற்று நிலத்தை இழந்தன.

இன்று ஏரியில் படகுகள் ஓடுகின்றன. கரையில் கலை அரங்கமும், வேல்ஸ் நாட்டின் சட்டமன்றமும் உள்ளன. 1897-இல் கட்டிய சிவப்புக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பயணிகள் திராட்சை கலந்து இரும்புக் கல்லில் சுட்ட வெல்ஷ் கேக்கைத் தின்றபடி நடக்கிறார்கள்.

ஒரே தொழிலை நம்பிய ஊர், அது போனபோது தவித்தது. இன்று பல தொழில்களால் வாழ்கிறது. இந்த மாற்றத்தில் லாபமும் உண்டு, இழப்பும் உண்டு.

விடை கூறுங்கள்:
1. 'அராவ்' என்றால் என்ன?
2. கரி ஏற்றுமதி ஏன் குறைந்தது?
3. அணையைப் பற்றி மக்கள் ஏன் பயந்தார்கள்?
4. உங்கள் ஊரில் மறைந்துபோன தொழில் எது? அதைச் செய்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?