புயலுக்கு முன் ஒரு விலை, பின் ஒரு விலை

சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை நீடிக்கிறது. உறவினர் வீட்டுத் திருமணம், கோயில் வழிபாடு, தாத்தா பாட்டியைப் பார்ப்பது என்று பல குடும்பங்கள் சென்னைக்கு விமானம் ஏறுவது அந்த வாரங்களில்தான். வங்கக் கடலில் புயல்கள் உருவாவதும் பெரும்பாலும் அதே பருவத்தில்தான். சென்னைக்கு ஆண்டின் பெரும்பகுதி மழையைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது.

சென்னை விமான நிலையம் அடையாற்றின் கரையில் இருக்கிறது. அதன் இரண்டாவது ஓடுபாதை ஆற்றின்மேல் பாலமாகவே நீட்டப்பட்டுள்ளது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாறு கரைபுரண்டபோது, நிலையம் பல நாள்கள் மூடிக்கிடந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் நெருங்கியபோது, டிசம்பர் 4ஆம் தேதி காலை மூடப்பட்ட ஓடுபாதை மறுநாள் காலையில்தான் திறந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயலின்போதும் விமானச் சேவைகள் நண்பகலையொட்டி நிறுத்தப்பட்டு, மறுநாள் அதிகாலையில்தான் தொடர்ந்தன.

ஓடுபாதையில் நீர் தேங்கினால் விமானத்தின் சக்கரங்களுக்குப் பிடிப்பு இருக்காது. பக்கவாட்டுக் காற்று ஓர் அளவைத் தாண்டினால் விமானி தரையிறங்கக் கூடாது. மின்னலும் சூறைக்காற்றும் இருக்கும்போது பெட்டி ஏற்றுபவர்களும் எரிபொருள் நிரப்புபவர்களும் வெளியே வேலை செய்ய முடியாது. ஆகவே சாங்கியில் வெயில் பளிச்சென்று அடித்தாலும் சென்னை விமானம் புறப்படாமல் போகலாம். புயல் ஓய்ந்த மறுநாளும் தாமதம் தொடர்வதுண்டு. விமானங்கள் ஒரு நகரத்திலும் பணியாளர்கள் வேறொரு நகரத்திலும் சிக்கியிருப்பார்கள். விமானிகள் ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்குமேல் பணியாற்றக் கூடாது என்ற விதியும் உண்டு.

இப்படிப்பட்ட நேரத்தில் பயணத் தேதியை மாற்ற நினைப்பவர் இரண்டு செலவுகளைத் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மாற்றக் கட்டணம். தேதியை மாற்றித் தருவதற்காக விமான நிறுவனம் வாங்கும் தொகை அது. மற்றொன்று, விலை வேறுபாடு. பழைய பயணச்சீட்டின் விலைக்கும் புதிய தேதியில் அதே இருக்கை விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அது. “மாற்றக் கட்டணம் இல்லை” என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தால், முதல் தொகை மட்டும் இல்லை என்றே பொருள். இரண்டாவது தொகை முதல் தொகையைவிடப் பெரிதாக இருப்பது அரிதன்று. விளம்பரத்தில் அது சிறிய எழுத்தில்தான் இருக்கும்.

மாற்றக் கட்டணம் ஏன் இருக்கிறது? தேக்கா சந்தையில் மாலைக்குள் விற்காத கீரை மறுநாள் வாடிவிடும். விமான இருக்கை அதைவிட மோசம். விமானம் மேலெழுந்த கணத்தில் காலி இருக்கையின் மதிப்பு ஒன்றுமில்லாமல் போகிறது. எவரும் எப்போது வேண்டுமானாலும் தேதியை மாற்றலாம் என்றால், கடைசி நேரத்தில் பல இருக்கைகள் காலியாகிவிடும் என்பது நிறுவனங்களின் வாதம். அதனால் மாற்ற முடியாத பயணச்சீட்டை மலிவாகவும் மாற்றக்கூடியதைக் கூடுதல் விலைக்கும் விற்கின்றன. மலிவான சீட்டை வாங்குபவர், தம் திட்டம் மாறாது என்று பந்தயம் கட்டுகிறார். வழக்கமான நாள்களில் இது நியாயமான ஏற்பாடுதான். புயல் வரும்போதுதான் இதில் சிக்கல் எழுகிறது.

எடுத்துக்காட்டாக, நால்வர் கொண்ட ஒரு குடும்பம் சனிக்கிழமை சென்னை செல்லச் சீட்டு வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியாழக்கிழமை மாலைச் செய்தியில் புயல் சின்னம் காட்டப்படுகிறது. பயந்துபோன குடும்பம் உடனே பயணத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றுகிறது. ஒருவருக்கு மாற்றக் கட்டணம் 100 வெள்ளி, விலை வேறுபாடு 150 வெள்ளி என்றால், நால்வருக்கும் சேர்த்து 1,000 வெள்ளி. வெள்ளிக்கிழமை இரவு விமான நிறுவனம், சனிக்கிழமைச் சேவையை இரத்துச் செய்வதாக அறிவிக்கிறது. அதுவரை காத்திருந்த பயணிகளுக்கு அதே செவ்வாய்க்கிழமை விமானத்தில் கூடுதல் பணம் இல்லாமல் இடம் கிடைக்கிறது. புயலும் விமானமும் ஒன்றுதான். யார் முதலில் பின்வாங்கினார் என்பது மட்டுமே வேறு. பயணி முதலில் மாற்றினால் அது அவருடைய விருப்பம். நிறுவனம் முதலில் இரத்துச் செய்தால் அது நிறுவனத்தின் பொறுப்பு. முன்கூட்டியே எச்சரிக்கையாக நடந்துகொண்டவர் 1,000 வெள்ளி செலுத்தியது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் பயணச்சீட்டு ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒன்றும் உண்டு. புயல் உறுதியாகிவிட்ட நிலையில், சேவையை இரத்துச் செய்வதற்கு முன்பே சில நிறுவனங்கள் கட்டண விலக்கு அறிவிக்கும். அந்த அறிவிப்பைச் சொல் சொல்லாகப் படிப்பது நல்லது. எந்த விமான நிலையம், எந்தெந்தப் பயணத் தேதிகள், எந்த நாளுக்கு முன் வாங்கிய சீட்டுகள், புதிய பயணம் எந்தத் தேதிக்குள் அமைய வேண்டும் என்ற நான்கு வரையறைகள் அதில் பொதுவாக இருக்கும். சென்னைக்கு விலக்கு என்றால் அது திருச்சிக்கோ பெங்களூருக்கோ தானாகவே பொருந்தாது. விலை வேறுபாடும் தள்ளுபடியா என்பதும் அங்கேதான் தெரியும். முகவர் வழியாகவோ வேறொரு பயணச் செயலி வழியாகவோ வாங்கியவர்களை, விமான நிறுவனம் அவர்களிடமே திருப்பி அனுப்புவதும் வழக்கம்.

அப்படியானால் காத்திருப்பதுதான் எப்போதும் சரியா? ஃபெஞ்சல் புயலின் கதை அதற்கு எளிதான விடை இல்லை என்று காட்டுகிறது. வங்கக் கடலில் இருந்த அந்தத் தாழ்வு மண்டலம் மெதுவாகவே நகர்ந்தது. அது புயலாக மாறுமா, மாறாதா என்பதே சில நாள்கள் உறுதியாகத் தெரியவில்லை. நவம்பர் 29ஆம் தேதிதான் புயல் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் இரவே அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. முடிவெடுக்கக் கிடைத்த நேரம் ஒரு நாள்தான். புயல் திசைமாறிப் போய்விட்டால் விமானம் உரிய நேரத்தில் புறப்பட்டுவிடும். அப்போது வீட்டிலேயே இருந்துவிட்ட பயணி, அறிவிக்காமல் வராதவராகக் கருதப்படுவார். அவருடைய சீட்டின் மதிப்பு பெரும்பாலும் முழுவதுமாக அழிந்துபோகும். அதுமட்டுமன்று. ஒரே சீட்டில் போவதற்கும் வருவதற்கும் பதிவு செய்திருந்தால், போகும் பயணத்தைத் தவறவிட்டவரின் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் தாமாகவே நீக்கிவிடும். எனவே காத்திருப்பவர், புறப்படும் நேரத்துக்குச் சில மணி நேரம் முன்புவரை காத்திருந்து, அதற்குமேலும் அறிவிப்பு வராவிட்டால் போவதா, மாற்றுவதா என்று முடிவுசெய்தாக வேண்டும்.

பயணியின் உரிமை எதுவரை என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணத் தேதியை மாற்ற 200 டாலர்வரை வாங்கிவந்த பெரிய நிறுவனங்கள், கொவிட்-19 காலத்தில், 2020 ஆகஸ்டு இறுதியில், பெரும்பாலான சீட்டுகளுக்கு அந்தக் கட்டணத்தைக் கைவிட்டன. மக்கள் பயணத்துக்கே அஞ்சிய நேரத்தில் வாடிக்கையாளர்களை ஈர்க்க அந்த நிறுவனங்களுக்கு அது தேவைப்பட்டது. அங்கே 2024இல் நடப்புக்கு வந்த விதி இன்னும் தெளிவானது. சேவை இரத்தானாலோ, உள்நாட்டுப் பயணம் 3 மணி நேரமும் வெளிநாட்டுப் பயணம் 6 மணி நேரமும் அல்லது அதற்கும் மேல் தாமதமானாலோ, மாற்று ஏற்பாட்டை ஏற்காத பயணிக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். காரணம் புயலாக இருந்தாலும் சரி, இயந்திரக் கோளாறாக இருந்தாலும் சரி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிமுறை வேறொரு கோட்டை வரைகிறது. சேவை இரத்தானால் தொலைவைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. மோசமான வானிலை போன்ற அசாதாரணச் சூழலில் அந்த இழப்பீடு கிடையாது. ஆனால் உணவும் தங்குமிடமும் கொடுத்தே ஆக வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் பரவி, ஐரோப்பிய வான்வெளி பல நாள்கள் மூடப்பட்டபோது, இந்தப் பொறுப்புக்கு ஓர் எல்லை இல்லையா என்ற கேள்வி எழுந்தது. அது வழக்காகி நீதிமன்றம்வரை சென்றது. அசாதாரணத்திலும் அசாதாரணம் என்று தனியாக ஒன்று கிடையாது, பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் கடமை அப்போதும் நீங்காது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்குத் திரும்ப வழியின்றி அயல்நாட்டில் சிக்கிக்கொண்டவருக்கே அந்தக் கவனிப்பு மிகவும் தேவைப்படுகிறது என்பது அதன் நியாயம்.

இந்தியாவின் விதியும் புயலை அசாதாரணச் சூழலாகவே கருதுகிறது. அதற்காக இழப்பீடு இல்லை. ஆனால் சேவை இரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம் திரும்பப் பெறுதல் என்ற தெரிவு பயணிக்கு உண்டு. சிங்கப்பூரில் இத்தனை மணி நேரத் தாமதத்துக்கு இவ்வளவு தொகை என்று கூறும் தனிச்சட்டம் இல்லை. 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் சிங்கப்பூர் இணைந்திருக்கிறது. தாமதத்தால் ஏற்படும் இழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்கிறது அது. இயன்ற நியாயமான நடவடிக்கைகளையெல்லாம் எடுத்ததாக நிறுவனம் மெய்ப்பித்துவிட்டால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடும். புயலில் அதை மெய்ப்பிப்பது எளிது. ஆகவே சாங்கியிலிருந்து கிளம்புபவருக்குக் கையில் இருக்கும் முதன்மையான ஆவணம், பயணச்சீட்டோடு வரும் நிபந்தனைகள்தான். பலரும் படிக்காமலேயே “ஏற்கிறேன்” என்று அழுத்தும் பகுதி அது.

சேவை இரத்தானதும், “பணத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா, வேறு விமானத்தில் செல்கிறீர்களா?” என்ற கேள்வி கைத்தொலைபேசியில் வந்து நிற்கும். பணத்தைக் கேட்பது பாதுகாப்பானதாகத் தோன்றும். விடுமுறையையே கைவிட முடிந்தவருக்கு அது பொருத்தமானதுதான். அக்காள் திருமணத்துக்கோ தாத்தாவின் இறுதிச் சடங்குக்கோ போய்ச் சேர வேண்டியவருக்கு அது சிக்கலில் முடியலாம். பணத்தைத் திருப்பித் தந்ததும் விமான நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. மூன்று மாதங்களுக்குமுன் 400 வெள்ளிக்கு வாங்கிய சீட்டுக்கு 400 வெள்ளிதான் திரும்பி வரும். ஆனால் இரத்தான விமானங்களின் பயணிகள் அனைவரும் மீதமுள்ள சில இருக்கைகளுக்குப் போட்டியிடும் வாரத்தில், புதிய சீட்டு இருமடங்கு விலைக்குக்கூட விற்கலாம். மாற்று விமானத்தைத் தெரிவு செய்தவருக்கு அந்த விலை உயர்வு பெரும்பாலும் நிறுவனத்தின் பாடு.

சென்னையோடு பயணம் முடியாதவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. சாங்கியிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து மதுரைக்கு வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியே சீட்டு வாங்குவது மலிவாக அமையும். இரண்டும் ஒரே பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டவரை மதுரைவரை சேர்ப்பது நிறுவனத்தின் வேலை. தனித்தனிச் சீட்டு என்றால், மதுரை விமான நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் வெறுமனே நேரத்துக்கு வராத பயணி. சென்னையில் புயல் ஓய்ந்து, மதுரை விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் எந்த விலக்கும் அவருக்குக் கிடைக்காது.

அந்த இழப்பைப் பயணக் காப்புறுதி ஈடுசெய்யக்கூடும். ஆனால் அதிலும் நேரக் கணக்கு உண்டு. ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஆபத்துக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. சீட்டு வாங்கிய கையோடு காப்புறுதியும் எடுத்தவருக்கு, பின்னர் வரும் புயல் எதிர்பாராத நிகழ்வு. புயலுக்குப் பெயர் வைக்கப்பட்டுச் செய்தியில் வந்த பிறகு அவசரமாகக் காப்புறுதி வாங்குபவருக்கு, அந்தப் புயலால் நேரும் இழப்பு திட்டத்தில் சேராது. அவர் செலுத்திய சந்தா மற்ற ஆபத்துகளுக்கு மட்டுமே பயன்படும்.