இல்லத்திற்கு ஏற்ற ஒரு மிதிவண்டி: பொருள்வரை விரதப் பாடம்

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது பொருள்வரை விரதம். வடமொழியில் இதனைப் பரிக்ரஹ பரிமாணம் என்பர். இவ்விரதத்திற்கு ஊறு செய்யும் குற்றங்கள் ஐந்தனை எண்ணுமிடத்து, ஆசாரியர் ஸமந்தபத்திரர் தமது ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் முதற்கண் வைப்பது அதிவாகனம் ஆகும். மிகையாகச் சேர்த்தல், பிறர் செல்வங்கண்டு வியத்தல், பேராசை, மிகைப்பாரம் ஏற்றல் ஆகியவை அதன் பின்னரே வருகின்றன.

அதிவாகனம் என்பதற்கு, எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேற்பட்ட தொலைவு ஓட்டுதல் எனப் பொருள் உரைப்பார் உளர். வேண்டிய அளவுக்கு மிஞ்சி ஊர்திகளை வைத்திருத்தல் என்பாரும் உளர். நம்மில் பலருடைய வீடுகளில் இன்று எருது இல்லை. ஆனால் வாசலிலும் மாடிப்படியின் கீழும் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்த்தால், இரண்டாம் பொருள் நம்மை நோக்கியே சொல்லப்பட்டது போலத் தோன்றும்.

உசிலம்பட்டியில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விரதம் ஏற்று உடைமைகளைக் குறைக்கும்போது இரண்டு மிதிவண்டிகள் எஞ்சுகின்றன. ஒன்று, ரேஸ் சைக்கிள் என்று கடைக்காரர் கூறும் சாலை வண்டி. மற்றொன்று, எம்.டி.பி. எனப்படும் மலை வண்டி. ஒன்றையே வைத்துக்கொள்வது எனத் துணிந்தபின் எதனை வைப்பது?

சாலை வண்டியின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலமே உடையது. அதற்கு 80 பவுண்டுக்கு மேலும் காற்று அடைக்க வேண்டியிருக்கும். கைப்பிடி தாழ்ந்து வளைந்திருப்பதால் ஓட்டுபவர் குனிந்து அமர்கிறார். எதிர்க்காற்று அவரைத் தடுப்பது குறைகிறது. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் விரையும்போதுதான் இக்குனிவின் பயன் நன்கு விளங்கும். மலை வண்டியின் டயரோ 2 அங்குலமும் அதற்கு மேலும் அகன்றது; 30, 40 பவுண்டு காற்றே போதும். கல்லும் குழியும் நிறைந்த தடத்தில் அந்த அகலம் மெத்தையாகிறது. தார்ச்சாலையிலோ அதன் முரட்டுக் குமிழ்கள் மிதிப்பவரின் உழைப்பை வீணாக்குகின்றன.

இனி ஊரைப் பார்ப்போம். மதுரையிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில், மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உசிலம்பட்டி. பெருஞ்சாலை தார்ச்சாலை, சிற்றூர்ச் சாலைகளும் பெரும்பாலும் அவ்வாறே ஆகிவிட்டன. தோட்டத்துக்கும் கண்மாய்க் கரைக்கும் செல்லும் தடங்களே மண்ணாக உள்ளன. மலை வண்டி என்ற பெயரைக் கேட்டு, மலை வழிபாட்டுக்கு அதுவே வேண்டும் என்று எண்ணுவாரும் உண்டு. தமிழி எழுத்துகளும் கற்படுக்கைகளும் உள்ள விக்கிரமங்கலம், அச்சணந்தி அடிகளின் பெயர் பொறித்த கீழக்குயில்குடிச் சமணர் மலை ஆகிய இடங்களில் வண்டி அடிவாரத்தோடு நின்றுவிட வேண்டியதே. அதற்கு மேல் நடைதான். துறவியர் ஊர்தி ஏதுமின்றி நடந்தே அடைந்த குன்றுகள் அவை. மழைக்காலத்தில் புல்வெளியிலும் ஈர வரப்பிலும் குமிழ் டயரை ஓட்டுதல் சிற்றுயிர்களுக்குத் தீங்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அவ்வாறாயின் சாலை வண்டியே தகும் என முடிவு செய்துவிடலாமா? அதற்குத் தடையாக இருப்பவை சிறிய பொருள்கள். முதலாவது முள். இவ்வட்டாரத்தில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் இல்லாத ஓரம் அரிது. முள் எந்த டயரையும் துளைக்கும். எனினும் மெல்லிய டயர் எளிதில் இடம் கொடுத்துவிடும், தடித்த அடி சற்றேனும் தாங்கும். இரண்டாவது வால்வு. நல்ல சாலை வண்டிகளின் ட்யூபில் உள்ள ஒல்லியான வால்வுக்கு, ஊர்ச் சைக்கிள் கடையின் பம்பு இடைக்குழல் இல்லாமல் பொருந்தாது. மலை வண்டியின் வால்வு பெரும்பாலும் மோட்டார் வண்டிக்குரிய வகை ஆதலால், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடைத்துக்கொள்ளலாம். மூன்றாவது சுமை. சாலை வண்டிகள் பலவற்றில் கேரியரும் மட்கார்டும் பூட்டத் துளையே இராது. அரிசிப் பையும் காய்கறியும் ஏற்ற இயலாத வண்டி, ஒருவருடைய உடற்பயிற்சிக் கருவியாகலாம். வீட்டு ஊர்தி ஆகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. மலை வண்டியின் 26 அங்குல ரிம்மில் பொதுவாக 1.5 அங்குல வழுவழுப்பான டயரை மாட்டலாம். அது தார்ச்சாலைக்கு ஏற்றதாகிவிடும். சாலை வண்டியின் சட்டத்தில் அகன்ற டயருக்கு இடமில்லை. ஒன்று மற்றொன்றின் வேலையை ஓரளவு செய்யும், மற்றது செய்யாது. ஆதலால் மலை வண்டியையே வைத்துக்கொள்க என்பது எம் கருத்து. ஆயினும், கழற்றிய குமிழ் டயர்களை என்றாவது உதவும் எனப் பரணில் ஏற்றினால், குறைத்த உடைமை வேறு வடிவில் திரும்பிவிடும். புதிதாக வாங்குவோர் முன்புறம் ஸ்பிரிங் போர்க் இல்லாத வண்டியைத் தேர்வது நன்று. மலிவான ஸ்பிரிங் போர்க்கு எடையைக் கூட்டும். பழுதானால் ஊரில் செப்பனிடுவதும் அரிது.

பாட்டனார் ஓட்டிய 28 அங்குலப் பழைய சைக்கிள் ஓடும் நிலையில் இருக்குமானால், கணக்கே மாறிவிடும். ஒன்றரை அங்குல டயர், கேரியர், ஸ்டாண்டு, செயின் மூடி ஆகிய யாவும் அதில் உள்ளன. சமவெளிக்கு 21 கியர்கள் எதற்கு? அவ்வீட்டார் புதிய இரண்டையுமே கொடுத்துவிடலாம்.

1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கென அமைந்த வண்டிகள் போதாமல் ஆண்கள் வண்டியும் வாங்கப்பட்டது. அவர்களுள் பலர் ஆண்கள் வண்டியே மேல் என்றனர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா? வண்டியின் பெயர் கூறும் பயன் வேறு. அவர்கள் கண்ட பயன் வேறு.

இவ்விதழைப் படிக்கும் குடும்பத்தார், முடிவு செய்யுமுன் ஒரு மாதம் சிறு குறிப்பேடு வைக்கலாம். எவ்வண்டியை யார், எவ்விடத்திற்கு, என்ன சுமையுடன் எடுத்தார் என்று எழுதினாலே போதும். சிறுவர்களிடம் இப்பொறுப்பைக் கொடுத்தால் கணக்கு நேராக இருக்கும்! விடுவிக்கும் வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல், பள்ளிக்குத் தொலைவிலிருந்து நடந்து வரும் மாணவர் ஒருவருக்கு அளிக்கலாம். அளிக்குமுன் பிரேக் கட்டையையும் ட்யூபையும் புதிதாக மாற்றி, செயினுக்கு எண்ணெய் இட்டு, பூட்டும் சாவியும் உடன் கொடுக்க வேண்டும். சாலை வண்டியானால் அவ்வால்வுக்குரிய கைப்பம்பையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். இல்லையேல் முதல் முள்ளோடு அது அவர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடும்.