வருஷ நடுவே உத்தியோகம் மாறுவோர்க்கு

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர், ஜூலை மாதத்தில் ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றில் சேரும்போது, மேசையும் மேலதிகாரியும் புதிதாவது போலத் தமது 401(கே) ஓய்வுக்காலக் கணக்கின் வரம்பும் புதிதாகத் தொடங்கும் என்று எண்ணிக்கொள்வது சகஜம். விஷயம் அப்படியன்று. ஊழியர் தம் சம்பளத்திலிருந்து செலுத்தும் தொகைக்கு 2025-இல் விதிக்கப்பட்ட 23,500 டாலர் வரம்பு (2026-இல் 24,500) கம்பெனிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. வரியை இன்றே கட்டும் ராத் வகை, பிற்பாடு கட்டும் சாதாரண வகை ஆகிய இரண்டும் அதற்குள் அடக்கம். அரசாங்க ஊழியரின் 457(பி) திட்டத்துக்கு மட்டும் வரம்பு தனி.

ஓர் உதாரணம் பார்ப்போம். வருஷத்துக்கு 1,20,000 டாலர் சம்பளத்தை இரு வாரத்துக்கு ஒருமுறை வாங்கும் நாற்பது வயதுக்காரர், 25 சதவீதம் பிடிக்கச் சொல்லி, 2025 ஜூன் முடிய 15,000 டாலர் செலுத்திவிட்டார். மீதம் 8,500, மீதச் சம்பளங்கள் 13, சம்பளமும் அதுவே. அவர் முன்னே மூன்று மார்க்கங்கள் உண்டு.

முதலாவது, முன்பு செலுத்தியதைப் பற்றி வாய் திறவாமல் பழைய 25 சதவீதத்தையே தொடர்வது. முந்தைய இடத்துக் கணக்கு புதிய கம்பெனியின் சம்பளக் கணக்கருக்குத் தெரியாதாகையால், பிடித்தம் நில்லாமல் நடந்து, டிசம்பரில் வரம்பை 6,500 டாலர் மீறி நிற்கும்.

இரண்டாவது, கணக்கைச் சொல்லிவிட்டு அதே விகிதத்தில் செலுத்துவது. எட்டாவது சம்பளத்திலேயே வரம்பு நிரம்பிவிடும். பணம் சீக்கிரம் முதலீட்டில் இறங்குவது அனுகூலமே. ஆயினும், ஒவ்வொரு சம்பளத்துக்கும் 5 சதவீதம் வரை கம்பெனி தன் பங்குக்குப் போடும் ‘மேட்ச்’, ஊழியர் செலுத்தினால் மட்டுமே வருமாகையால், எஞ்சிய ஐந்து சம்பளங்களில் ஏறக்குறைய 1,150 டாலர் நஷ்டம். வருஷ முடிவில் அக்குறையை நிரவிக் கொடுக்கும் விதியுள்ள கம்பெனியாயின் இந்த நஷ்டமில்லை.

மூன்றாவது, 8,500-ஐப் பதின்மூன்றால் வகுத்து, சம்பளத்துக்குச் சுமார் 650 டாலர், அதாவது 14 சதவீதம், என்று குறைத்துக்கொள்வது. வரம்பும் மீறாது, மேட்சும் ஒரு தவணை விடாமல் வந்து சேரும்.

முதல் மார்க்கத்தில் அறியாமல் போய்விட்டவர்க்கும் பரிகாரம் உண்டு. மறு வருஷம் ஏப்ரல் 15-க்குள், இரு திட்டங்களில் ஒன்றுக்கு எழுதி, மிகுதியையும் அதன் வருவாயையும் திரும்பப் பெறலாம். திட்டத்தின் விதி இடங்கொடுக்க வேண்டும் என்பதால் பிப்ரவரியிலேயே கேட்பது உசிதம். கெடு தவறினால், வரி கட்டாமல் செலுத்திய அந்த மிகுதிக்குச் செலுத்திய வருஷம் ஒரு முறையும், பிற்காலத்தில் எடுக்கும்போது மறு முறையுமாக இரட்டை வரி விழும்.

நிரவும் விதியுள்ள இடத்தில் இரண்டாவது மார்க்கம் நன்று. மற்றெங்கும் மூன்றாவதே உத்தமம். ஆதலால் அன்பர்கள், புதிய இடத்தில் சதவீதத்தை எழுதிக் கொடுக்குமுன், பழைய கம்பெனியின் கடைசிச் சம்பளச் சீட்டில் ‘இவ்வருஷம் இதுவரை’ என்னும் பத்தியில் 401(கே)-க்கு நேரே நிற்கும் எண்ணை ஒரு முறை பார்த்துக்கொள்வார்களாக.