ராபின் குருவியும் ஒரு எர்த் ஒயரும்

ஷீல்டிங், கிரவுண்டிங் எல்லாம் எக்ஸாமுக்கு மட்டும்தான்னு நினைக்கிறீங்களா? அப்போ இந்தக் குருவியைப் பத்தித் தெரிஞ்சுக்கோங்க.

ஐரோப்பிய ராபின் இரவில் வலசை போகும் சின்னப் பறவை. வலசைக் காலத்தில் கூண்டில் அடைத்தாலும், போக வேண்டிய திசையைப் பார்த்தே தத்தும். புனல் வடிவக் கூண்டுக்குள் கீறல் விழும் தாளை ஒட்டிவிட்டு, எந்தப் பக்கம் கீறல் அதிகம்னு பார்த்தால் போதும், திசை தெரிந்துவிடும். 1960களில் பிராங்க்பர்ட்டில் வோல்ஃப்காங் வில்ட்ச்கோ, காயில் வைத்துக் காந்தப்புலத்தைத் திருப்பினார். பறவைகளும் திரும்பின.

ஆனா அதுக்குள்ளே இருப்பது நம்ம திசைகாட்டி மாதிரி இல்லை. வடக்கு எது, தெற்கு எதுன்னு அதுக்குத் தெரியாது. காந்தக் கோடுகள் தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதை வைத்து, துருவப் பக்கம் எது, நிலநடுக்கோட்டுப் பக்கம் எதுன்னு பிரிக்கும். ஜெர்மனியில் அந்தச் சாய்வு 65 டிகிரிக்கும் மேல். நம்ம திருநெல்வேலி பக்கம் கோடுகள் கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும். இங்கே வந்தால் ராபின் குழம்பிப்போகும்!

இதை உணர்வது எது? கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் என்பதுதான் இப்போதைக்கு வலுவான கருத்து. நீல ஒளி பட்டதும் அதில் உருவாகும் எலக்ட்ரான் ஜோடியின் ஸ்பின்னை, புவியின் பலவீனமான புலம்கூட மாற்றுமாம்.

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் ஹென்ரிக் மௌரிட்சன் குழு மரக் குடில்களில் ராபின்களைச் சோதித்தது. அவை திசையே இல்லாமல் எல்லாப் பக்கமும் தத்தின. குடிலுக்கு உள்ளே அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்தார்கள். அலுமினியம் புவியின் நிலையான புலத்தைத் தடுக்காது. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சல் மட்டும் சுமார் 100 மடங்கு குறைந்தது. பறவைகளுக்குத் திசை திரும்பக் கிடைத்தது. எர்த்தைக் கழற்றினால் மறுபடி குழப்பம். 2014-ல் நேச்சர் இதழில் வெளிவந்தது.

உடனே செல்போன் டவர் மேல பழி போடாதீங்க. அது நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. இங்கே மாட்டியது ஏஎம் ரேடியோ அலைவரிசையும், சாதாரண மின்சாதனங்கள் கக்கும் இரைச்சலும். வெளியில் பறக்கும் ராபினுக்கு நட்சத்திரமும் சூரியனும் துணைக்கு உண்டு. மேகம் மூடிய இரவில்தான் சிக்கல். இரைச்சல் மூலங்களிலிருந்து தள்ளி, ஊருக்கு வெளியே சோதித்த ராபின்களுக்கோ தகடே தேவைப்படவில்லை.